ஊறாத விதை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், எங்கள் வீட்டு ஹாலில், ஒன்பது விருந்தாளிகளுக்கு நடுவே நின்று நான் கத்தினேன்.

'வீடு என்றால் கத்தல் இருக்காதா, இதையெல்லாமா எழுதுவது?' என்று நீங்கள் கேட்கலாம். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் இவ்வளவு வாயாடுகிறவள் ஆயிற்றே! ஆனால், எனக்கு வாய் இருப்பது பேனாவில் மட்டும்தான். ஷேர் ஆட்டோவில் 'இங்கே நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாண்ட் வரை போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை... பல தடவை.

அப்படிப்பட்டவள் கத்தினேன் என்றால், உயிர் போகிற விஷயமாகத்தானே இருக்க வேண்டும்?

உயிர் போகிற விஷயம்தான்.

எல்லாம் ஒரு பூவால் வந்தது.

போன வருஷம் கொடைக்கானல் போயிருந்தபோது ஒரு பங்களா வாசலில் அதைப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் கலந்த பூ. தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. ஐந்து இதழ், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக ஒரு வால். ஐந்து புறாக்கள் வட்டமாகத் தலையைச் சேர்த்து இரை பொறுக்குவது போல இருந்தது. கொலம்பைன் என்றார் தோட்டக்காரர். யாரிடமும் எதையும் கேட்காத நான், அன்றைக்கு எப்படியோ, "விதை கிடைக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டேன். காய்ந்த காய்களை ஒரு பேப்பரில் தட்டினார். கறுகறுவென்று, பளபளவென்று கொட்டியது. நாலு ஸ்பூன் இருக்கும்.

"எந்த ஊரும்மா?"

"திண்டுக்கல்."

சிரித்துவிட்டார். "கீழ வராதும்மா. இது குளுருல பொறந்தது. ஒங்க ஊரு வெக்கைக்கு வெந்துரும்."

வெந்துதான் போனது. வந்த கையோடு செம்மண்ணும் சாண எருவும் கலந்து, மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. கார்த்திகை மாதக் குளிருக்கு மறுபடி தூவினேன். மூன்று முளைத்தன — கொத்தமல்லி மாதிரி சின்ன இலை. மாடியில் நின்றால் எதிரே மலைக்கோட்டைப் பாறை தெரியும். பகலெல்லாம் காய்ந்த அந்தப் பாறையின் வெக்கை சாயங்காலம் காற்றோடு வந்து இறங்கும். தை பிறப்பதற்குள் மூன்றும் சருகாகிவிட்டன.

வீட்டில் ஒரே சிரிப்பு. "என்ன, கொத்தமல்லி கருகிருச்சா?" என்றார் வீட்டுக்காரர். என் கொழுந்தன் மனைவி ஸ்டெல்லா — பக்கத்து வீடு, ஒரே காம்பவுண்டு — "அக்கா, அந்தத் தொட்டியில ரெண்டு வெண்டைய ஊனுனா வெஞ்சனத்துக்காச்சும் ஆகும்" என்றாள்.

அதனால் மூன்றாவது முயற்சியை யாரிடமும் சொல்லவில்லை.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். இந்த விதையை ஏமாற்ற வேண்டுமாம். ஈர டிஷ்யூவில் சுற்றி, டப்பாவில் போட்டு ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்தால், 'குளிர்காலம் வந்து போய்விட்டது' என்று நம்பி, பிறகு முளைக்குமாம். நல்ல ஐடியாதானே? வீடியோவின் கடைசியில் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். விதையிலும் வேரிலும் விஷம் உண்டு, வயிற்றுக்குள் போனால் இதயத்தைப் பாதிக்கலாம், கவனம் என்று.

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஒட்டினால் யாராவது படிப்பார்கள். படித்தால், 'மூணாவது தடவையா?' என்று சிரிப்பார்கள்... விட்டுவிட்டேன். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒரு மாதம் முடிந்தது. விதைப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊற வேண்டும் என்பதால், சனிக்கிழமை மிச்சமிருந்த விதை எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

இப்போது ஒரு கேள்வி. புரட்டாசி வெயில். வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் கிண்ணத்துத் தண்ணீரில் கறுப்பாக, பொடிப்பொடியாக விதை ஊறுகிறது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அது என்னவாகத் தெரியும்?

சப்ஜா. வேறு என்ன?

மறுநாள் ஞாயிறு. ஸ்டெல்லாவின் மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்க, குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஹால் பெரிது என்று எங்கள் வீட்டில் ஏற்பாடு. கொழுந்தன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அதனால் அப்பா ஸ்தானத்தில் என் வீட்டுக்காரர். பூசை முடிந்து வந்ததிலிருந்து வெள்ளை வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாக நடந்துகொண்டே இருந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. கூடவே சுகர். அன்றிலிருந்து அவர் வாயும் வயிறும் என் கட்டுப்பாட்டில். வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரில் யாரிடமும் பேச முடியாத நான், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சும்மா விடமாட்டேன். ஒரு பஜ்ஜிக்கு ஒரு மணி நேரத் திட்டு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் சத்தம் கேட்டதும் நான் மாடிக்கு ஓடிவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கு. உண்மையில் ஊற்றிய தொட்டிக்கே மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒன்பது புது முகங்களுக்கு முன்னால் 'வாங்க, வாங்க' என்று சொல்ல வேண்டுமே!

கீழிருந்து ஸ்டெல்லாவின் குரல்: "அக்கா, வாங்கக்கா. அவுக வந்து செத்த நேரமாச்சு!"

இறங்கினேன். சமையலறை வாசலில் அவள் என் காதருகே சொன்னாள்: "நன்னாரி சர்பத் போட்டுட்டேன். நீங்க ஊறப்போட்ட சப்ஜா ஊறவே மாட்டேங்குதுக்கா. பழைய சரக்கா? தூக்கிப் போட மனசில்லாம, எல்லா டம்ளர்லயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுட்டேன்."

எந்த சப்ஜா?

அந்தக் கேள்வி வாய்க்கு வருவதற்குள் பதில் தெரிந்துவிட்டது. ஹாலைப் பார்த்தேன். ஜெனிட்டா தட்டை ஏந்திக்கொண்டு நடந்து போகிறாள். ஒன்பது கண்ணாடி டம்ளர்கள். சப்ஜா என்றால் வெள்ளையாக வீங்கி நடுவில் மிதக்கும். இது மிதக்கவில்லை. ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் கறுப்பாக, பளபளப்பாகப் படிந்து கிடந்தது.

முதல் டம்ளரை மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார்.

சொல்ல வேண்டும். என்னவென்று? 'சம்பந்தி வீட்டுக்காரர்களே, அதில் விஷம் இருக்கிறது' என்றா? பெண் பார்க்க வந்த இடத்தில்? ஜெனிட்டாவின் கல்யாணம் என்ன ஆகும்? ஊர் என்ன பேசும்? வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

அந்த அம்மா டம்ளரை உதட்டில் வைத்தார்.

"குடிக்காதீங்க!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்ததாக அப்புறம் சொன்னார்கள். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏத்தா, எதுக்கு இம்புட்டுச் சத்தம்? உள்ள என்ன வெசமா வச்சிருக்கீக?"

"ஆமாங்க" என்றேன்.

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அக்கா!" ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள். நகம் பதிந்தது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று தெரியும். கொடைக்கானல் பூ, ஃபிரிட்ஜ், கிண்ணம், வீடியோ... எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒருவர் பின் ஒருவராக டம்ளரைத் தட்டிலேயே வைத்தார்கள். யாரும் வாய் வைத்திருக்கவில்லை. மாதாவே என்று சுவரில் சாய்ந்தேன்.

அப்போதுதான் ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள். "அக்கா... நான் பத்து டம்ளர்ல ஊத்துனேன். ஒண்ணு ஒங்களுக்குன்னு மேடையில வச்சிருந்தேன்."

சமையலறைக்கு ஓடினோம். மேடையில் இல்லை. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் கிடந்தது. காலி. அடியில் நாலைந்து விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

யார்?

ஸ்டெல்லா இல்லை. ஜெனிட்டா இல்லை. சமையலறைக்குள் வந்துபோன ஆள் இன்னும் ஒருவர்தான் இருக்கிறார்.

"ஏங்க, நீங்க குடிச்சீங்களா?"

"நானா? சர்பத்தா? சுகர் இருக்கையில நான் எதுக்குக் குடிக்கப் போறேன்?"

"உண்மையச் சொல்லுங்க. உயிர் விஷயம்."

"அட, இல்லைங்கிறேன்ல. மாதா சத்தியமா இல்ல." கண் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. நெற்றி வேர்த்திருந்தது. வெயிலில் வேர்க்கிறதா, வேறு எதிலா? போன வருஷம் நெஞ்சு வலி வந்தபோதும் இப்படித்தான் வேர்த்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை என்கிற மனிதரை ஆஸ்பத்திரிக்கு எப்படி இழுத்துக்கொண்டு போவது?

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். நிதானமாக என் வீட்டுக்காரர் முகத்தருகே குனிந்து பார்த்தார்.

"அண்ணே, மீசையில எள்ளு மாதிரி என்னமோ ஒட்டியிருக்கே."

கை தானாக மீசைக்குப் போனது. விரலில் ஒரு கறுப்பு விதை.

"...அரை டம்ளர்தான்."

"பெரியப்பா, டம்ளர் காலியா கெடக்கு" என்றாள் ஜெனிட்டா.

"சரி... முழுசு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. மாப்பிள்ளைப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பின் சீட்டில் அவருக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவன் அம்மா. ரயில்வே கேட் மூடியிருக்குமோ என்று பயம். திறந்திருந்தது, அதுவும் ஏனோ பயமாக இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். நாடி துடிக்கிறது... விடுகிறது... விட்டது அதன் துடிப்பா, என் விரலின் நடுக்கமா? 'விதையை ஏமாற்றுகிறேன் என்று புறப்பட்டாயே, யாரை ஏமாற்றியிருக்கிறாய் பார்' என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. "என்ன சாப்பிட்டார்?"

"பூ விதை."

"என்ன பூ?"

பெயர் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினேன். யாருக்கோ போன் செய்து பேசினார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மென்னீங்களா, அப்படியே முழுங்கினீங்களா?" என்றார்.

"எங்க மெல்ல விட்டா? இவ மாடியில இருந்து எறங்குற சத்தம் கேட்டுச்சு. ஒரே மடக்கு!"

"மெல்லாம விட்டது நல்லது" என்றார் டாக்டரம்மா. ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும், மணிக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த ஆறு மணி நேரம் மானிட்டரில் ஓடிய பச்சைக் கோட்டை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும், 'அடுத்தது வருமா?' என்று காத்திருந்தேன். வந்தது. அதற்கும் அடுத்தது வருமா?

கடைசி ஈ.சி.ஜி.யும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"ஏங்க பொய் சொன்னீங்க?"

"நீ திட்டுவ."

"உயிர் போகும்னு சொன்னேன்ல? மாதா மேல சத்தியம் வேற!"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உயிர் போறது போகட்டும்னு இல்ல. ஒன் மொகத்தப் பாத்தேன். அந்த நேரத்துல அதுதான் பெரிய பயமா தெரிஞ்சுச்சு."

எழுந்து அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

எனக்குப் பயம் புதிதில்லை. கண்டக்டரிடம் பயம், பேங்க் கவுன்டரில் பயம், சர்ச் பங்குக் கூட்டத்தில் யாராவது என் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். உலகத்தில் எல்லோரும் எனக்கு மேலே, நான் எல்லோருக்கும் கீழே என்றுதான் ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயப்படவும் ஒரு ஆள் இருக்கிறார், அதுவும் என் வீட்டுக்குள்ளேயே, செத்தாலும் சரி என்று பொய் சொல்லும் அளவுக்கு... இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

அவர் நல்லதுக்குத்தான் திட்டினேன். சத்தியமாக அவர் நல்லதுக்குத்தான். ஆனால், திட்டித் திட்டி நான் சர்க்கரையை நிறுத்தவில்லை. உண்மை சொல்வதைத்தான் நிறுத்தியிருக்கிறேன். நம் வீடுகளில் இது எத்தனை பேர் கதை என்று யோசித்துப் பாருங்கள். மார்க் ஷீட்டை ஒளிக்கிற பிள்ளை, மாத்திரை போட்டதாகச் சொல்கிற மாமியார்... அவர்களெல்லாம் பொய்யர்களா? நம் முகத்தைப் பார்த்துப் பயந்தவர்களா?

இன்னொரு பக்கம், நானும்தான் ஒளித்தேனே? நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து, பெயர் எழுதாமல் ஒரு டப்பாவை.

மாப்பிள்ளையின் அம்மா அன்று முழுக்க வராந்தா பெஞ்சிலேயே இருந்தார். சாயங்காலம் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கத்தில் நான் தலையைத் தூக்கவே இல்லை. மெதுவாகச் சொன்னேன். "அந்தச் செடியே வேணாம்மா. எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிறப் போறேன்."

"எதுக்கு? எங்க தோட்டத்துல ரெண்டு குழி நெலத்துல அரளி போட்டுருக்கோம். அதுல இல்லாத வெசமா? தெனமும் பறிச்சுப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புறோம். அரளின்னு தெரியும், ஒருத்தரும் வாயில வைக்க மாட்டாக. இது என்னன்னு நீங்க சொன்னாத்தான தெரியும்?"

நான் தலையாட்டினேன். பிறகு தைரியத்தை எல்லாம் திரட்டிக் கேட்டேன். "பொண்ணு விஷயம்...?"

"அதுவா? நீங்க போட்ட சத்தத்துல என் கையில இருந்த டம்ளரே ஆடிப்போச்சு. ஒங்க ஜெனிட்டா தட்டக் கீழ போடல, பாத்தீகளா? அந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வேணும். ஆனா ஒண்ணு, தாயி... கல்யாணத்தன்னைக்கு நீங்க பந்தி பக்கம் வரப்படாது."

அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

கிண்ணத்தில் மிச்சம் இருந்த விதையை, மறுநாள் ஸ்டெல்லாவையும் ஜெனிட்டாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் விதைத்தேன். ஆறு தொட்டி. மேலே பச்சை நிழல்வலை. ஒவ்வொரு தொட்டியிலும் சிவப்பு பெயின்டில், 'கொலம்பைன் — விதையும் வேரும் விஷம்' என்று எழுதினேன். ஸ்டெல்லா சிரித்தாள். சிரிக்கட்டும். நேற்றுக் காலை இரண்டாவது தொட்டியில் நான்கு முளை தெரிந்தது. பூக்குமா, கருகுமா? தெரியாது. தினமும் மாடிப்படி ஏறும்போது ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது.

வீட்டுக்காரரிடம் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். என்ன தின்றாலும் மறைக்கக் கூடாது. நானும் திட்டக் கூடாது. மனிதர் அதைச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறார். முந்தாநாள் வந்து, "ரெண்டு போண்டா, ஒரு ஜாங்கிரி" என்றார். நேற்று, "டீயில சீனி போட்டுத்தான் குடிச்சேன், ரெண்டு தடவ" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க" என்றேன்.

பொய் சொல்லும் கணவரோடு இருபத்தாறு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.